கலிப்ரேஷன் வேலைக்குத் திரும்புகிறவர் எங்கே போவது: கொழும்பு லேபா, தோட்டத்துப் பெக்டரியா, வேனா?

கலிப்ரேஷன் என்றால், அளக்கும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று தெரிந்த நியமத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. அதை விட்டுப் பல வருஷம் ஆன பிறகு அதற்கே திரும்ப வரலாமா என்று மலைநாட்டுப் பக்கத்திலிருந்து கேட்பவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். கொழும்பில் படித்து, அங்கேயே ஒரு லேபில் தராசு, வெப்பமானி, பிரஷர் கேஜ் என்று வேலை பழகியவர்கள். அப்புறம் கல்யாணம், பிள்ளை, வீட்டில் பெரியவர்களின் வருத்தம், 2022 இன் பொருளாதார நெருக்கடி என்று ஏதோ ஒன்றுக்காக விட்டுவிட்டு ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ ஏறி வந்துவிட்டார்கள். வரலாமா என்றால் தாராளமாக வரலாம். எந்த வழியால் வருவது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

என் சித்தப்பா மகளும் இப்போது அதே யோசனையில் இருக்கிறாள். 2013 வரை கொழும்பில் ஒரு லேபில் எடையும் வெப்பநிலையும் பார்த்தவள். இன்று தலவாக்கலைக்குப் பக்கத்தில் குடும்பம். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். "அக்கா, பக்கத்துத் தோட்டத்து பெக்டரியில கூப்பிடுறாங்க. கொழும்புல ஒரு லேபும் வரச் சொல்லுது. எதுக்குப் போறது?" என்று கேட்டாள். நானும் இதே தொழிலில் மலைநாட்டைச் சுற்றுகிறவள்தான். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளத்தையும் தூரத்தையும் பார்ப்பதற்கு முன்னால், நீங்கள் போடும் கணக்கை எடுத்துப் பார்த்து "இது ஏன் இப்படி?" என்று கேட்க உங்களுக்கு மேலே ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். முதல் ஒரு வருஷத்துக்கு வேறெதையும் விட அதுதான் முக்கியம். ஏன் என்பது, எது மாறியிருக்கிறது என்று பார்த்தால் புரியும்.

மாறாததும் மாறியதும்

கைவேலை அப்படியேதான் இருக்கிறது. பிடி100 என்னும் பிளாட்டினம் வெப்பநிலை உணரி இன்றைக்கும் 0 பாகையில் 100 ஓம், 100 பாகையில் 138.5 ஓம். எம்1 என்ற துல்லிய வகுப்பைச் சேர்ந்த 20 கிலோ படிக்கல்லுக்கு (எடைக்கல்லுக்கு) அனுமதிக்கப்பட்ட பிழை இன்றைக்கும் 1 கிராம். தராசின் நான்கு மூலையிலும் வைத்துப் பார்ப்பது, பாரத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்பது, படிக்கல்லைக் கையுறையோடு தூக்குவது எல்லாம் பழகிய கைக்கு ஒரு கிழமையில் திரும்ப வந்துவிடும். வெப்பநிலை அளவுகோல் இன்னும் 1990 ஆம் ஆண்டினதுதான். 2019 மே 20 முதல் கிலோகிராமுக்குப் பிளாங்க் மாறிலியை வைத்து வரைவிலக்கணம் வந்ததைக் கேட்டு சிலர் பயப்படுகிறார்கள். அது பாரிஸுக்குப் பக்கத்தில் பெட்டகத்தில் இருந்த உலோக உருளைக்கு ஓய்வு கொடுத்த கதை. ஹட்டன் டவுனில் தராசு பார்க்கிறவருக்கு அதனால் ஒரு மில்லிகிராமும் மாறவில்லை.

மாறியதெல்லாம் தாளில்தான். லேபுகளுக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 17025 இன் 2005 பதிப்போடு வேலையை விட்டவர்கள் 2017 பதிப்பை உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அத்தியாயங்களின் ஒழுங்கே வேறு. பக்கச்சார்பின்மை முன்னுக்கு வந்துவிட்டது, ஆபத்துகளை யோசித்து எழுதச் சொல்கிறார்கள், லேபின் எக்செல் தாளையும் சரிபார்த்ததற்குச் சான்று வைத்திருக்க வேண்டும். லேபால் எவ்வளவு நுட்பமாக அளக்க முடியும் என்பதற்கு, இன்னும் முன்னால் விட்டவர்கள் பிஎம்சி என்று சொல்லிக்கொண்டிருந்ததை இன்று சிஎம்சி என்கிறார்கள். இவை எல்லாவற்றையும் விடப் பெரியது தீர்ப்பு விதி. வாடிக்கையாளருக்கு "பாஸ்" அல்லது "ஃபெயில்" என்று எழுதிக் கொடுப்பதென்றால், நிச்சயமின்மையை (அளவு எவ்வளவு தூரம் ஆடக்கூடும் என்ற கணிப்பை) எப்படிக் கணக்கில் எடுத்து அந்தத் தீர்ப்புக்கு வந்தீர்கள் என்று முன்கூட்டியே பேசி, சர்டிபிகேட்டிலும் போட வேண்டும்.

இதை ஒரு கணக்கில் காட்டினால்தான் விளங்கும். 30 கிலோ வரை நிறுக்கும், 10 கிராம் பிரிவுள்ள ஒரு மேடைத் தராசை எடுத்துக்கொள்வோம். கொழுந்து மடுவத்தில் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில்) இருக்கிற மாதிரித் தராசுதான். 30 கிலோ ஏற்றினால் 30.010 காட்டுகிறது, அதாவது பிழை 10 கிராம். நிச்சயமின்மை எவ்வளவு? பிரிவு 10 கிராம் என்பதால் அதில் பாதி 5, அதை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 2.9 கிராம். பூச்சியத்திலும் அதே 2.9. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்ததில் நியம விலகல் 4 கிராம் என்று வைப்போம். 20 கிலோ, 10 கிலோ எம்1 படிக்கல் இரண்டிலுமிருந்து 0.9 கிராம் வரும். எல்லாவற்றையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 5.8. இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய 12 கிராம்.

இந்த மாதிரி மூன்றாம் வகுப்புத் தராசுக்கு முதல் பரிசோதனையில் அந்தப் பாரத்தில் அனுமதிக்கப்படும் பிழை 15 கிராம். பிழை 10, ஆகவே பாஸ் என்று 2013 இல் ஒருவர் எழுதியிருப்பார், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்று 10 உம் 12 உம் சேர்ந்தால் 22, அது 15 ஐத் தாண்டுகிறதே என்று லேபின் அங்கீகாரத்துக்காகப் பார்க்க வரும் மதிப்பீட்டாளர் கேட்பார். பிழையை மட்டும் எல்லையோடு ஒப்பிடும் எளிய ஏற்பு விதியில் அது பாஸ்தான். நிச்சயமின்மைக்கும் இடம் விட்டு, காவல் எல்லை வைத்த விதியில் இல்லை. எந்த விதியை யாரோடு பேசித் தீர்மானித்தீர்கள் என்பதற்கு உங்களிடம் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். பாவனையில் இருக்கும் தராசுக்கு அனுமதி இரு மடங்கு, 30 கிராம். அந்த எல்லையை எடுத்தால் கதையே வேறு. எந்த எல்லையை எடுப்பது என்பதும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்.

இந்தக் கணக்கைத் தனியாக இருந்தும் படிக்கலாம். ஆனால் பல வருஷம் விட்டுவிட்டு வருகிறவர் நியம விலகலை எடுக்கும் இடத்தில் சராசரியின் விலகலை எடுப்பார், படிக்கல்லின் சர்டிபிகேட்டில் இருக்கும் நிச்சயமின்மையை இரண்டால் வகுக்க மறப்பார். பக்கத்தில் ஒருவர் இருந்தால் அன்றைக்கே திருத்திவிடுவார். இல்லாவிட்டால் அதே பிழை ஒரு வருஷத்துச் சர்டிபிகேட் முழுக்கப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கொழும்பு லேப்

பழகிய இடம், தெரிந்த மேசை. அங்கீகாரம் பெற்ற லேபாக இருந்தால் படிப்புக்கு இதைவிட நல்ல இடமில்லை. ஹோமாகமவில் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இருக்கிறது; நாட்டின் தேசிய நியமங்கள் அங்கேதான். கொழும்பு 7 இல் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம். எல்லாம் பக்கத்தில். லேபுகளின் தகுதியைப் பார்த்து அங்கீகாரம் கொடுக்கும் அங்கீகாரச் சபை, நம் ஆட்கள் ஸ்லாப் என்று சொல்வது, 2005 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அது நடத்தும் பயிற்சிகளும் பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஆள் என்பதற்காக முதல் நாளே கையெழுத்து அதிகாரம் கிடைக்காது. 2017 பதிப்பின்படி ஒவ்வொரு வேலைக்கும் தகுதியைக் காட்டி, ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து, பிறகுதான் எழுத்தில் அதிகாரம் கொடுப்பார்கள். பழைய சீனியர்கள் சிலருக்கு இது மானப் பிரச்சினையாகிவிடுகிறது. தன்னிடம் பழகிய தம்பி இப்போது டெக்னிக்கல் மேனேஜர், அவன் நம் வேலையைப் பார்த்து டிக் போடுவதா என்று. போடட்டும். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் பாடம் அது.

இனி மறுபக்கம். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு கினிகத்தேனை, அவிசாவளை வழியாக பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலம். ஒவ்வொரு நாளும் போய்வர முடியாது. போடிங்கில் அறை, சாப்பாடு, வார இறுதியில் வீடு, மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்து பாதை மூடினால் அதுவும் இல்லை. ஆண் பிள்ளைகள் "சரி, ஒரு வருஷம்தானே" என்று போய்விடுவார்கள். சிறு பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு வருஷத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்காமல் "போ" என்று சொல்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை. சம்பளத்தில் போடிங் வாடகையையும் சாப்பாட்டையும் பஸ் காசையும் கழித்துவிட்டுத்தான் தோட்டத்துச் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும். கழித்துப் பார்த்த பலருக்கு மிச்ச வித்தியாசம் கையில் பிடிக்கிற அளவில் இல்லை.

தோட்டத்துப் பெக்டரி

எல்லோருக்கும் முதலில் பிடிப்பது இதுதான். வீட்டிலிருந்து நடந்து போகலாம். ஸ்டாஃப் என்றால் குவார்ட்டர்ஸ் கிடைக்கலாம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் தருநர் 12 சதவீதம், நம் பங்கு 8 சதவீதம் என்று ஒழுங்காகக் கட்டுகிற கம்பனியாக இருந்தால் வயதான காலத்துக்கும் ஏதோ சேரும். உணவுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 22000 எடுத்த பெக்டரிகளில் அளக்கும் கருவிகளைச் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும் என்பதால் இதற்கென்று ஒருவரைத் தேடுகிறார்கள்.

வேலையும் சுவாரசியமானதுதான். கொழுந்து நிறுக்கும் தராசு, வாட்டும் தட்டில் ஈரமும் உலரும் வெப்பமானி, புளிக்கவைக்கும் அறையில் ஈரப்பதன், டிரையரின் வாயில் 90 பாகைக்கு மேலே ஓடும் காற்று, கடைசியில் ஏறக்குறைய 3 சதவீத ஈரத்தோடு வெளியே வரும் தூள், பக்கெட்டின் நிறை. அளக்காமல் அங்கே ஒன்றும் நடப்பதில்லை.

ஆனால் திரும்பி வருகிறவரின் முதல் இடமாக நான் இதைச் சொல்ல மாட்டேன். முதல் காரணம் தனிமை. டீமேக்கருக்குத் தேயிலை தெரியும், துரைக்கு (தோட்ட மேனேஜருக்கு) விளைச்சல் தெரியும், உங்கள் நிச்சயமின்மைக் கணக்கைப் பார்க்க ஒருவரும் இல்லை. ஆடிட் வரும்போது கோப்பில் சர்டிபிகேட் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். இரண்டாவது, கலிப்ரேஷன் என்று கூப்பிட்டுவிட்டு, இரண்டு மாதத்தில் உணவுப் பாதுகாப்புக் கோப்பு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பதிவு, வெளியார் வந்தால் பெக்டரி சுற்றிக் காட்டுவது என்று எல்லாம் தலையில் விழும். அளக்கிற வேலை வாரத்தில் ஒரு பகல். மூன்றாவது அழுத்தம். "திகதியைக் கொஞ்சம் முன்னுக்குப் போடுங்க" என்று மேலே இருப்பவர் சொன்னால், சம்பளம் கொடுப்பவரும் அவரே என்கிறபோது, மறுப்பதற்கு நல்ல முதுகெலும்பு வேண்டும். லேபில் அப்படி மறுப்பதற்கு ஒரு நடைமுறையே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதில் தராசு ஒரு தனி விஷயம். நம் பக்கத்தில் கொழுந்துத் தராசு என்பது வெறும் கருவி இல்லை, அன்றைய பேர், அதாவது அந்த நாளின் சம்பளக் கணக்கு, அதில்தான் விழுகிறது. நாளுக்கு இரண்டு மூன்று தடவை மடுவத்தில் நிறுக்கும்போது முழுப்பேரா அரைப்பேரா என்று பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாமாருக்கு, தராசு பார்க்க வந்தவள் நம் பிள்ளை என்றால் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். அதை முழுதாக நிறைவேற்ற உங்களால் முடியாது. தராசின் பிழை கிராம் கணக்கு. பைக்கும் தண்ணிக்கும் என்று கழிப்பது கிலோ கணக்கு. கழிக்கிற கையை எந்தப் படிக்கல்லாலும் அளக்க முடியாது. பெக்டரி வேலைக்குப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போனால் மனவருத்தம் குறையும்.

சரி, வேறு வழியே இல்லை, பெக்டரிதான் என்றால்? போங்கள். ஆனால் வெளி லேப் வந்து கலிப்ரேட் பண்ணும் நாளில் அவர்களோடேயே நில்லுங்கள். அவர்களுடைய சர்டிபிகேட்டில் உள்ள நிச்சயமின்மையை நீங்களே தனியாகக் கணக்கிட்டு ஒத்துப் பாருங்கள். ஒத்து வராவிட்டால் போன் எடுத்துக் கேளுங்கள். நல்ல லேப் என்றால் விளக்கம் சொல்வார்கள். அப்படியே ஒரு வருஷம் செய்தால் உங்களுக்கு மேலே ஆள் இல்லாத குறையில் பாதி தீரும்.

வேனில் போகிற வேலை

பலர் யோசிக்காத வழி இது. என் தங்கச்சிக்கும் இதைத்தான் சொன்னேன். கொழும்பு லேபுகள் மலைநாட்டுப் பெக்டரிகளுக்கும் பால் பதனிடும் இடங்களுக்கும் ஆட்களை வேனில் அனுப்பி, நின்ற இடத்திலேயே கலிப்ரேட் பண்ணிக் கொடுக்கின்றன. விடிவதற்கு முன் கொழும்பிலிருந்து கிளம்பி, மதியத்துக்குத் தலவாக்கலை, இரவு எங்காவது லொட்ஜ். அந்த ஆட்களுக்கும் அலுப்பு, லேபுக்கும் செலவு. ஹட்டனிலோ கண்டியிலோ குடியிருந்து, மலைநாட்டுத் தளங்களைத் தானே பார்க்கும் ஒரு ஆள் அவர்களுக்கு உண்மையிலேயே தேவை. "நான் மூன்று மாதம் கொழும்பில் உங்கள் மேசையில் பழகுகிறேன், அதற்குப் பிறகு மலைநாட்டு சைட்டுகளை எனக்குத் தாருங்கள்" என்று நீங்களாகவே கேட்கலாம். விளம்பரம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குப் பிள்ளைகளை அம்மம்மாவிடம் விடுவது ஒரு வருஷம் விடுவதைப் போல இல்லை.

இந்த வேலைக்கு மலைநாட்டு ஆள் பொருத்தம் என்பது பாசத்தால் சொல்வதில்லை. உயரம் அளவைக் குழப்புகிறது, அதைத் தெரிந்த ஆள் தேவை.

கடல் மட்டத்திலிருந்து மேலே போகப் போக ஈர்ப்பு குறைகிறது. நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர். லோட் செல் (பாரத்தை மின் சைகையாக மாற்றும் உணரி) உள்ள தராசு உண்மையில் விசையைத்தான் அளக்கிறது. ஆகவே கொழும்பில் படிக்கல் வைத்து அச்சொட்டாகச் சரிசெய்த 30 கிலோ தராசை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் நுவரெலியாவில் வைத்தால், அதே 30 கிலோவுக்கு 10 முதல் 18 கிராம் வரை குறைத்துக் காட்டும். மேலே பார்த்த தராசில் அது ஒன்று இரண்டு பிரிவு. அனுமதிக்கப்பட்ட 15 கிராமைத் தனியாகவே தின்றுவிடக்கூடும். பழைய கைத்தராசில் இந்தப் பிரச்சினை இல்லை, இரண்டு தட்டிலும் ஈர்ப்பு ஒரே அளவில் குறைகிறது. கொழும்பில் வாங்கும்போதே சர்டிபிகேட்டோடு வந்த தராசு என்று பெக்டரியில் காட்டுவார்கள். அந்தத் தாள் கொழும்புக்குத்தான் சரி. வைத்த இடத்தில் படிக்கல் வைத்துத் திரும்பச் சரிசெய்ய வேண்டும் என்று பெக்டரிக்காரருக்கு விளங்க வைப்பதே பாதி வேலை.

வெப்பமானியும் அப்படித்தான். கொதிநீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டக் கொதித்துவிடும், ஹட்டனில் 96 க்குக் கிட்ட. வெப்பமானி நல்லதாக இருந்தும் "6 பாகை குறைவு" என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள். நொறுக்கிய ஐஸும் சுத்தமான தண்ணீரும் கலந்த ஃபிளாஸ்க் எங்கேயும் 0 தான் காட்டும், உயரம் அதைப் பெரிதாக அசைக்காது. சைட்டுக்குப் போனால் முதலில் ஐஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வாட்டும் மாடியில் சுவரில் தொங்கும் ஈர, உலர் வெப்பமானியும் பக்கத்தில் ஒட்டிய அட்டவணையும். அந்த அட்டவணை பெரும்பாலும் கடல் மட்ட அமுக்கத்துக்குப் போட்டது. உலர் 20, ஈரம் 17 என்றால் அட்டவணை சாரீரப்பதன் 74 சதவீதம் என்று சொல்லும். நுவரெலியாவின் அமுக்கத்தில் அது 76 க்குப் பக்கம். இரண்டு சதவீதம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் டிஜிட்டல் ஈரப்பதன்மானி ஒன்றை வாங்கிவந்து இதோடு ஒப்பிட்டு, "புதுசு பிழை" என்று அதைத் திருப்பி அனுப்பிய கதைகள் நடக்கின்றன. அந்த இடத்தில் புதுசுதான் சரி.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். 20 கிலோ படிக்கல்லைக் கல் படியில் மடுவத்துக்கு ஏற்றுவது வேலையின் ஒரு பகுதி. கொழுந்தை உருட்டும் ரோலர் ஓடும்போது தரை அதிர்ந்து கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். நிறுத்தச் சொன்னால் டீமேக்கர் முறைப்பார், ஆகவே ரோலர் நிற்கும் நேரத்தைக் கேட்டு அதற்குள் போய்ச் சேர வேண்டும். குளிரில் கிடந்த படிக்கல்லை டிரையர் அறைக்குள் கொண்டுபோனால் மேலே ஈரம் படியும், காய்ந்து அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த அவஸ்தைகள் எல்லாம் இருந்தும் நான் இதையே முதலில் வைக்கிறேன். நீங்கள் அளந்த தரவு அன்று பின்னேரமே லேபுக்குப் போகிறது, அங்கே ஒருவர் பார்க்கிறார், கேள்வி வருகிறது. வீடும் கிட்ட, மேலே ஆளும் உண்டு. மற்ற எந்த வழியிலும் இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பதில்லை.

ஒரு நிபந்தனை. அந்த லேபின் அங்கீகார எல்லைக்குள் "சைட்டில் செய்வது" எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லேபுக்குள் செய்வதற்கு மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு வெளியே ஆள் அனுப்பும் இடம் என்றால், உங்கள் உழைப்புக்கு முத்திரை கிடைக்காது.

மற்ற வழிகள்

அரசாங்க வேலை. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கடைக்காரர்களின் தராசைப் பார்த்து முத்திரை குத்தும் பரிசோதகர் வேலை நிரந்தரம், ஓய்வூதியம் உண்டு. ஆனால் வர்த்தமானியில் அறிவித்தல் வர வேண்டும், வயதெல்லை இருக்கும், போட்டிப் பரீட்சை, பிறகு இரண்டாம் அரசகரும மொழித் தேர்ச்சி. முப்பதுகளின் பாதியைத் தாண்டியவர் இதை நம்பி மற்ற எதையும் தள்ளிப்போட வேண்டாம். விண்ணப்பம் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

கல்ஃப். சம்பளம் கூட, சந்தேகமில்லை. ஆனால் அங்கே கேட்பது அண்மைக் கால அனுபவம். நடுவில் பத்து வருஷம் வெறுமையாக இருக்கும் விண்ணப்பத்தைப் பார்த்து ஏஜென்சிக்காரர் "ஹெல்பராகப் போறீங்களா?" என்று கேட்பார். இங்கே இரண்டு வருஷம் வேலை செய்து, கையெழுத்து அதிகாரம் எடுத்துக்கொண்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போவதுதான் மரியாதை.

டவுனில் சொந்தமாகத் தராசுக் கடை. இதைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் தம்பிமார்தான். ஹட்டன், நாவலப்பிட்டி, வெலிமடைப் பக்கம் மரக்கறிக் கடை, மளிகைக் கடை எல்லாம் டிஜிட்டல் தராசுக்கு மாறிவிட்டன. பற்றரி, லோட் செல், கீபோர்ட் என்று பழுது வந்துகொண்டே இருக்கும். திணைக்களத்தில் பதிவு விஷயத்தை முடித்துக்கொண்டால் நல்ல வியாபாரம். ஆனால் இது திருத்துகிற தொழில், கலிப்ரேஷன் இல்லை. அங்கீகாரம் இல்லாத உங்கள் தாளை ஐஎஸ்ஓ 22000 ஆடிட்டர் பெரும்பாலும் ஏற்கமாட்டார். எம்1 படிக்கல் செட் வாங்கவே நல்ல காசு போகும், அதையும் காலத்துக்குக் காலம் கலிப்ரேட் பண்ண வேண்டும். கடையை வைத்துக்கொண்டு ஒரு லேபுக்கு மலைநாட்டு ஏஜென்டாகவும் இருக்கலாம். அந்தச் சேர்க்கை நடக்கக்கூடியது.

வீட்டிலிருந்தே லேபுகளுக்கு நடைமுறைக் கோப்பு, எக்செல் தாள் செய்து கொடுப்பது என்று ஒன்றும் உண்டு. ஆனால் புதுப் பதிப்பில் வேலை செய்து பழகாத ஒருவரை நம்பி அதைத் தரமாட்டார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு யோசிக்க வேண்டியது.

போவதற்கு முன்

எந்த வழியானாலும் நேர்முகத்துக்குப் போகும் முன் சிலவற்றை வாசித்து வைத்துக்கொள்ளலாம், காசு செலவில்லை. நிச்சயமின்மைக்கான சர்வதேச வழிகாட்டி, சட்ட அளவியலுக்கான சர்வதேச அமைப்பான ஓஐஎம்எல் போட்ட படிக்கற்களுக்கான ஆர்111, தராசுகளுக்கான ஆர்76, ஐரோப்பிய அளவியல் அமைப்பான யூராமெட் போட்ட தராசு கலிப்ரேஷன் வழிகாட்டி 18 எல்லாமே இணையத்தில் இலவசம். 17025 மட்டும் விலைக்கு. லேபில் இருக்கும் பிரதியைக் கேட்டு வாசிக்கலாம். இதில் யூராமெட் 18 க்கு முதலிடம் கொடுங்கள், உதாரணக் கணக்குகள் பின்னிணைப்பில் வரிவரியாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்றை மூடி வைத்துவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். விடை ஒத்து வந்தால் நேர்முகத்தில் பயப்பட ஒன்றுமில்லை.

இடைவெளியைப் பற்றிக் கேட்டால் மழுப்ப வேண்டாம். "பிள்ளைகளுக்காக விட்டேன், 2005 பதிப்பில் வேலை செய்தவள், 2017 ஐ வாசித்திருக்கிறேன், தீர்ப்பு விதியை நடைமுறையில் செய்து பார்க்கவில்லை" என்று சொல்கிறவரை நல்ல டெக்னிக்கல் மேனேஜர் தள்ளமாட்டார். எல்லாம் தெரியும் என்று சொல்பவரைத்தான் அவருக்குப் பயம்.

தங்கச்சிக்கு நான் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. அவள் போனில் இரண்டு இடத்திலும் கேட்கப் போகிறாள். என் சர்டிபிகேட்டை யார் பார்த்துக் கையெழுத்து வைப்பார்? எனக்கு எத்தனை மாதத்தில், எதை வைத்து அதிகாரம் தருவீர்கள்? மலைநாட்டு சைட்டுகளுக்கு அங்கீகாரம் இருக்கிறதா? படிக்கல்லும் ரெஃபரன்ஸ் வெப்பமானியும் என் வீட்டிலா இருக்கும், லேபிலா? வீட்டில் என்றால் அவற்றுக்கு இன்ஷூரன்ஸ் யார் போடுவது, இடையில் சரிபார்ப்பது யார்? பாதை மூடி சைட்டுக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளம் உண்டா? சேமலாப நிதி முதல் மாதத்திலிருந்தா, நிரந்தரமாக்கிய பிறகா? கடைசியாக, 20 கிலோ படிக்கல்லைத் தூக்க ஒரு உதவியாள் வேனில் வருவாரா? இதற்கு "பெக்டரியில் ஆள் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் அங்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வேலை தெரியாத கை படிக்கல்லை ஒரு தடவை சிமெந்துத் தரையில் போட்டால் போதும், அன்றைய அளவை எல்லாம் திரும்பச் செய்ய வேண்டிவரும், செலவையும் உங்கள் பேரில்தான் எழுதுவார்கள்.